சாம்பல் மூடிக்குள் ஒன்பதாவது படி

மருத்துவ ஆய்வக நுட்பப் படிப்பில் முதலாண்டில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுக்கும் கிளைக்காலிசிஸின் பத்துப் படிகளையும் கிரெப்ஸ் சுழற்சியையும் மனப்பாடம் செய்து களைத்துப் போயிருக்கிறீர்கள். பயிற்சிக்குப் போன இடத்திலோ அனலைசரில் ட்யூபை வைத்தால் சில நிமிடங்களில் எண் திரையில் வந்து நிற்கிறது. உயிர்வேதியியலில் எதை ஆழமாகப் படிப்பது, எதை விட்டுவிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது: எண்ணை இயந்திரமே தந்துவிட்டால், பக்கத்தில் நிற்கும் ஆள் எதற்கு? முதலில் இதற்குப் பதில் சொல்கிறேன். பாடத்திட்டம் பற்றிய பதில் போகிற போக்கில் வந்துவிடும்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உயிர்வேதியியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாணவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் என் எல்லைக்குள் வருவதில்லை. அதனால் ஒரு எண் எப்படி உருவாகிறது, எங்கே கெட்டுப்போகிறது என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அனலைசர் ட்யூபில் இருப்பதை அளக்கும். அதைப் பெரும்பாலும் நன்றாகவே செய்யும். ட்யூபில் இருப்பதும் அந்த மனிதரின் உடலில் ஓடியதும் ஒன்றுதானா என்பது அதற்குத் தெரியாது. தவறான முடிவுகளில் பெரும்பங்கு, மாதிரி இயந்திரத்தைச் சேர்வதற்கு முன்பே விதைக்கப்பட்டுவிடுகிறது.

நீங்கள் சலித்துக்கொண்ட கிளைக்காலிசிஸிலிருந்தே தொடங்கலாம். சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது. ஆற்றலுக்கு அது நம்பியிருப்பது குளுக்கோஸை லாக்டேட்டாக உடைக்கும் இந்த ஒரு வழியைத்தான். இரத்தத்தை ட்யூபில் எடுத்துவிட்டோம் என்பதற்காக அணு பட்டினி கிடக்கப் போவதில்லை. தன் பாட்டில் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பநிலையில் இப்படிக் குறைவது மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 விழுக்காடு. வெள்ளையணுக்கள் மிக அதிகமாக இருக்கும் நோயாளிகளில் இன்னும் வேகமாகக் குறையும். வெறும் வயிற்றுக் குளுக்கோஸ் 128 இருந்த ஒருவரின் இரத்தம், பிரிக்கப்படாமல் இரண்டு மணி நேரம் மேசையில் கிடந்தால் 115 அளவுக்கு வந்திருக்கும். நீரிழிவு என்று சொல்லும் எல்லைக்கோடு 126. இயந்திரம் 115 என்று துல்லியமாகச் சொல்லும். அந்த மனிதர் நீரிழிவு எல்லைக்கு வெளியே இருப்பதாக நினைத்து வீட்டுக்குப் போவார். கண்ட்ரோல் (அளவு முன்பே தெரிந்த சோதனைத் திரவம்) சரி, காலிபிரேஷன் (கருவியின் அளவுத்திருத்தம்) சரி, பதில் மட்டும் தவறு.

இதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி கொண்ட ட்யூபில் சோடியம் ஃப்ளூரைடு இருக்கிறது. அது ஈனோலேஸ் என்ற நொதியைப் பிடித்து நிறுத்துகிறது. ஈனோலேஸ் எத்தனையாவது படி என்று பாருங்கள். ஒன்பதாவது. குளுக்கோஸைப் பிடித்துப் பாஸ்பேட் ஏற்றும் ஹெக்ஸோகைனேஸ் முதல் படி. ஒன்பதாவது கதவைப் பூட்டினால் முதல் கதவு உடனே மூடிக்கொள்ளாது. அணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி தீரும்வரை குளுக்கோஸ் உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் ஃப்ளூரைடு போட்ட ட்யூபிலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் குளுக்கோஸ் கிட்டத்தட்டச் சாதாரண ட்யூபில் குறைவது போலவே குறைகிறது; அதற்குப் பிறகே அளவு நிலைக்கிறது. சாம்பல் மூடி என்றால் பாதுகாப்பு என்று நினைத்துக் காலை முழுவதும் மாதிரியைக் கிடப்பில் போடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிட்ரிக் அமிலமும் சிட்ரேட்டும் கலந்த ட்யூபுகள் இதைவிடச் சிறப்பாக வேலை செய்கின்றன; அவை இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டி ஹெக்ஸோகைனேஸையும் பாஸ்போஃப்ரக்டோகைனேஸையும், அதாவது தொடக்கப் படிகளையே, முடக்குகின்றன. பாதையில் எந்த நொதி எந்த வரிசையில் இருக்கிறது என்று தெரியாதவருக்கு இந்த இரண்டு ட்யூபுக்கும் வேறுபாடு மூடி நிறம் மட்டும்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ளூரைடு யூரியேஸ் நொதியையும் தடுக்கும். பெரும்பாலான யூரியா பரிசோதனைகள் யூரியேஸை வைத்தே நடக்கின்றன. குளுக்கோஸுக்கு எடுத்த ட்யூபில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே என்று யூரியாவும் பார்த்துவிடும் சிக்கனம் எங்கே கொண்டு விடும் என்று இப்போது புரியும். அந்த ட்யூபில் பொட்டாசியம் ஆக்ஸலேட்டும் கலந்திருந்தால் பொட்டாசியம் பார்ப்பதும் வீண்.

பொட்டாசியத்துக்கு வருவோம். புதிதாக வேலைக்கு வருபவர்களை நான் முதலில் உட்காரவைத்துப் பேசுவது இதைப் பற்றித்தான். சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் அளவில் இருக்கும் இது, அணுவுக்குள் இருபது மடங்குக்கும் மேல் இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பது அணுச்சவ்வில் உள்ள சோடியம் பொட்டாசியம் பம்ப்; அதற்கு ஏடிபி வேண்டும்; அந்த ஏடிபி வருவது கிளைக்காலிசிஸிலிருந்து. இந்தச் சங்கிலியை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் பல விடுகதைகள் தானே அவிழும். இரத்தத்தைப் பிரிக்காமல் குளிர்பெட்டியில் வைத்தால் பம்ப் நின்றுவிடும். சிவப்பணு ஒன்றுகூட உடையாமலே பொட்டாசியம் வெளியே கசியும். சீரம் தெளிவாக மஞ்சளாகத்தான் இருக்கும், எண் மட்டும் ஏறியிருக்கும். வெப்பமான அறையில் கிடந்தால் தொடக்கத்தில் பம்ப் சுறுசுறுப்பாக ஓடி பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும், எண் சற்று இறங்கக்கூட இறங்கும். குளுக்கோஸ் தீர்ந்த பிறகு ஏடிபி தீரும், பொட்டாசியம் வெளியேறத் தொடங்கும். சாதாரண ட்யூபில் குளுக்கோஸ் வெகுவாகக் குறைந்து, பொட்டாசியம் கூடி வரும் அறிக்கையைப் பார்த்தால், நோயின் பெயரைத் தேடும் முன் மாதிரி எடுத்த நேரத்தைத் தேடுங்கள்.

ஊசியைத் தவறாகக் கையாண்டதால் சிவப்பணு சிதைவது வேறு கதை. சென்ட்ரிஃபியூஜ் செய்த பிறகு சீரம் சிவந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். பொட்டாசியம், அணுவுக்குள் இருக்கும் நொதிகளான எல்டிஎச், ஏஎஸ்டி மூன்றும் உயரும். ஆனால் முழு இரத்தத்தையே அளக்கும் இரத்த வாயு அனலைசர்களில் பெரும்பாலும் இந்தச் சிவப்பைப் பார்க்க வழி இல்லை. கையில் பட்டையை இறுகக் கட்டி, விரல்களைத் திரும்பத் திரும்ப மடக்கச் சொல்லி எடுத்தாலும் பொட்டாசியம் ஏறும். அது தசையிலிருந்து வருவது.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. பொட்டாசியம் 9.1 வந்தது. சீரம் தெளிவாக இருந்தது. மறுபடி ஓட்டினேன், 9.2. இரண்டு முறையும் ஒன்றுபோல வந்ததே என்ற தைரியத்தில் அவசர எண்ணாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். பத்து நிமிடத்தில் மருத்துவர் திரும்ப அழைத்தார். நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார், இசிஜி சாதாரணமாக இருக்கிறது, நீங்கள் என்ன அளந்தீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் அதே அறிக்கையின் கீழ்வரிகளைப் படித்தேன். கால்சியம் 3.8, அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி 12; இரண்டும் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. அந்தக் கால்சியம் உண்மையாக இருந்திருந்தால் அவர் வலிப்பில் இருந்திருக்க வேண்டும். சீரம் ட்யூபில் இரத்தம் போதவில்லை என்று ஊதா மூடி ட்யூபிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். ஊதா மூடிக்குள் இருப்பது, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏவின் பொட்டாசிய உப்பு. பொட்டாசியம் உப்பிலிருந்து வந்தது. கால்சியத்தை ஈடிடிஏ பிடித்துக்கொண்டது. அல்கலைன் பாஸ்பட்டேஸ் வேலை செய்யத் துத்தநாகமும் மக்னீசியமும் வேண்டும். அவற்றையும் அது பிடித்துக்கொண்டதால் நொதி முடங்கியது. மூன்று எண்களும் சேர்ந்து ஒரே ஒரு செய்தியைக் கத்திக்கொண்டிருந்தன. நான் ஒன்றை மட்டும் பார்த்தேன். திரும்ப ஓட்டியது எதற்கும் உதவவில்லை. தவறான மாதிரியை எத்தனை முறை ஓட்டினாலும் அதே தவறு அழகாகத் திரும்பி வரும்.

இனி இயந்திரத்தின் உள்ளே போவோம். பெரும்பாலான உயிர்வேதியியல் எண்கள் ஒளியிலிருந்து பிறப்பவை. கரைசலின் செறிவு கூடக்கூட அது உறிஞ்சும் ஒளியின் அளவான உறிஞ்சுகையும் அதே விகிதத்தில் கூடும் என்ற பியர் லாம்பர்ட் விதி தேர்வுக்கான மூன்று மதிப்பெண் சமாச்சாரமாகவே உங்களுக்கு அறிமுகமாகியிருக்கும். அதில் ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். ஹெக்ஸோகைனேஸ் முறையில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு என்ஏடிபிஎச் என்ற துணைநொதி மூலக்கூறு ஒன்று உண்டாகிறது. அது 340 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். ஒரு சென்டிமீட்டர் பாதையில் லிட்டருக்கு ஒரு மில்லிமோல் இருந்தால் உறிஞ்சுகை 6.22. குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால் 18 ஆல் வகுத்து 5.55 மில்லிமோல். மாதிரி ரீஏஜென்டுடன் (பரிசோதனைக்கான வினைக் கரைசல்) கலந்து நூறில் ஒரு பங்காகிறது என்று வைத்துக்கொள்வோம்: 0.0555. உறிஞ்சுகை 0.345. வசதியாக அளக்கக்கூடிய எண். இப்போது குளுக்கோஸ் 900 என்று வையுங்கள். உறிஞ்சுகை 3.1 ஆகிறது. உறிஞ்சுகை 3 என்றாலே விழுந்த ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மறுபக்கம் வருகிறது என்று பொருள். அந்தத் துளி ஒளியையும், உள்ளே எங்கிருந்தோ சிதறி வரும் ஒளியையும் கருவியால் பிரித்தறிய முடியாது. கோடு வளைந்துவிடும், உண்மையைவிடக் குறைவான எண் வரும். ரீஏஜென்டோடு வரும் தாளில் நேர்கோட்டு எல்லை என்று ஓர் எண் அச்சிட்டிருப்பதற்கும், அதைத் தாண்டினால் நீர்த்துப் பார்க்கச் சொல்வதற்கும் காரணம் இப்படிப்பட்ட கணக்குதான்.

நொதிகளை அளக்கும்போது இதே ஆபத்து வேறு வேடத்தில் வரும். கல்லீரல் நொதியான ஏஎல்டியை நாம் நேராகப் பார்ப்பதில்லை. அது அலனினிலிருந்து பைருவேட்டை உண்டாக்குகிறது. ரீஏஜென்டில் உள்ள எல்டிஎச் அந்தப் பைருவேட்டை லாக்டேட்டாக்கும்போது, என்ஏடிபிஎச் போலவே ஒளியை உறிஞ்சும் என்ஏடிஎச் செலவாகிறது. 340-இல் உறிஞ்சுகை இறங்கும் வேகத்தைத்தான் அளக்கிறோம். வேகம் நொதியின் அளவை மட்டும் காட்ட வேண்டுமானால் வினைபடுபொருள் தாராளமாக இருக்க வேண்டும். எவ்வளவு தாராளம்? 1913இல் மைக்கேலிஸும் மென்டனும் தந்த சமன்பாட்டைப் போட்டால், கேஎம் (உச்ச வேகத்தில் பாதி கிடைக்கும் செறிவு) மதிப்பைப் போல் பத்து மடங்கு இருந்தால் உச்ச வேகத்தில் 91 விழுக்காடு கிடைக்கும். ரீஏஜென்ட் செய்பவர்கள் இப்படிக் கணக்குப் போட்டே அளவுகளை வைக்கிறார்கள். ஆனால் கல்லீரல் பெருமளவு சிதைந்த ஒருவரின் ஏஎல்டி பல ஆயிரங்களில் இருந்தால், இயந்திரம் அளக்கத் தொடங்கும் முன்பே என்ஏடிஎச் தீர்ந்துவிடலாம். அதன் பிறகு இறங்க எதுவும் இல்லை. கோடு தட்டையாகப் போகும். அதைப் பார்த்து இயந்திரம் மிகக் குறைந்த எண்ணைத் தரக்கூடும். இன்றைய அனலைசர்கள் பெரும்பாலும் இதைக் கண்டுபிடித்து எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறு குறியைப் போடுகின்றன. அந்தக் குறியின் பொருள் தெரியாமல் அழித்துவிட்டு முடிவை வெளியிடுபவரும் மனிதர்தான். மஞ்சள் பூத்த சீரத்தில் ஏஎல்டி 9 என்று வந்தால் பத்து மடங்கு நீர்த்து மறுபடி பாருங்கள்.

சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1886இல் மாக்ஸ் யாஃபே கண்ட வினை இன்றும் உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது: காரக் கரைசலில் பிக்ரிக் அமிலத்தோடு கிரியேட்டினின் சேர்ந்து ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறம் தரும். மலிவானது, பிடிவாதமாக உயிர்வாழ்வது. அதன் குறை என்னவென்றால் கிரியேட்டினினை மட்டும் அது அடையாளம் காண்பதில்லை. அசிட்டோ அசிட்டேட் என்ற கீட்டோன், குளுக்கோஸ், புரதம், சில செஃபலோஸ்போரின் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் எல்லாம் எண்ணைக் கூட்டும்; மஞ்சள் நிறமியான பிலிருபின் குறைக்கும். நீரிழிவால் கீட்டோன் ஏறி வந்த நோயாளியின் கிரியேட்டினின் உயர்ந்திருந்தால் அதில் ஒரு பங்கு சிறுநீரகத்துடையதாக இல்லாமல் கீட்டோனுடையதாக இருக்கலாம். அப்படியானால் நொதி முறைக்கு மாறிவிட்டால் தொல்லை தீர்ந்ததா என்றால், குறையும், தீராது. அதன் கடைசிப் படியில் பெரும்பாலும் பெராக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது; டோபமின் மருந்து அந்தப் படியில் குறுக்கிடும். டோபமின் ஏற்றிக்கொண்டிருக்கும் குழாய் வழியாகவே இரத்தம் எடுத்தால் அது பொய்யாகக் குறைந்த எண்ணைக் காட்டும். குறுக்கீடு இல்லாத முறை என்று எதையும் நான் இதுவரை கண்டதில்லை. எந்த முறைக்கு எது பகை என்று தெரிந்து வைத்துக்கொள்வதே நடைமுறையில் முடிகிற காரியம்.

தரக்கட்டுப்பாட்டை வேகமாகக் கடக்கிறேன்; அதற்குத் தனியாகப் பாடம் இருக்கும். லீவி, ஜென்னிங்ஸ் இருவரும் 1950இல் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்த, கண்ட்ரோல் முடிவுகளைக் குறித்துவைக்கும் வரைபடத்தையும், அவற்றை எப்போது ஏற்பது, எப்போது நிராகரிப்பது என்று 1981இல் வெஸ்ட்கார்ட் குழு வகுத்த விதிகளையும் எந்தப் பிழையை எது பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். கண்ட்ரோல் திரவத்துக்குச் சிரையும் கிடையாது, ஊசியும் கிடையாது, அது வெயிலில் வண்டியில் வந்ததும் இல்லை. என் ஈடிடிஏ கதை நடந்த நாளில் கண்ட்ரோல் எல்லாம் கச்சிதமாக இருந்தன. இயல்பளவு வரம்பு என்பது ஆரோக்கியமானவர்களில் நடுவில் வரும் 95 விழுக்காட்டினரின் எல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஆரோக்கியமான ஒருவருக்குச் செய்தால், ஏதாவது ஒன்றாவது வரம்புக்கு வெளியே போக 64 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் எதை எவ்வளவு நம்பலாம்? ஃப்ளூரைடு ஈனோலேஸைத் தடுப்பது, ஈடிடிஏ கால்சியத்தைப் பிடிப்பது, 340-இல் என்ஏடிஎச் உறிஞ்சுவது எல்லாம் வேதியியல். எந்த ஆய்வகத்திலும் மாறாது. மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு என்பது சராசரி. உங்கள் முன்னால் இருக்கும் ட்யூபில் எவ்வளவு குறைந்தது என்று அதைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டுத் திருத்தக் கூடாது. சிவப்பணு சிதைந்த மாதிரியில் ஹீமோகுளோபின் அளவை வைத்துப் பொட்டாசியத்தைக் கழித்துச் சரிசெய்யும் சூத்திரங்களையும் அப்படித்தான் பார்க்கிறேன். ஆளுக்கு ஆள் விகிதம் மாறுகிறது. அதைவிட முக்கியமாக, சிதைவு ட்யூபில் நடக்காமல் நோயாளியின் உடலுக்குள்ளேயே நடந்திருந்தால் அந்தப் பொட்டாசியம் உண்மையானது. அதைக் கழித்துக் காட்டுவது ஆபத்து. இந்த விஷயத்தில் எல்லோரும் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். சந்தேகத்தை அறிக்கையில் எழுதி, புதிதாக மாதிரி கேட்பதே என் வழக்கம். மூடி நிறங்களும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறலாம். நிறத்தை நம்பாமல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள்.

படிப்பு விஷயத்துக்குத் திரும்பினால்: பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்), மோல் கணக்கு, உறிஞ்சுகை, நொதியின் வேகம், கிளைக்காலிசிஸ், அணுச்சவ்வுப் பம்ப், ஹீம் உடைந்து பிலிருபின் ஆகும் பாதை ஆகியவற்றை அடிவரை படியுங்கள். ஸ்டீராய்டுகளின் கட்டமைப்பு வரைபடங்களை, கொழுப்பமிலத் தொகுப்பின் ஒவ்வொரு இடைநிலைப் பொருளையும் தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துபோனாலும் ஆய்வக மேசையில் உங்களை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ரீஏஜென்ட் பெட்டியில் வரும் தாளை ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள், குறிப்பாகக் குறுக்கீடுகள் என்ற பகுதியை. அதை எலிகூடப் படிப்பதில்லை, கடித்துவிட்டுப் போகிறது.

கிரெப்ஸ் சுழற்சியை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அதன் இடைநிலைப் பொருள்களை வழக்கமான ஆய்வகத்தில் நீங்கள் அளக்கப் போவதில்லை. ஆனால் ஆக்ஸிஜன் போதாமல் அந்தச் சுழற்சி தடுமாறும்போது பைருவேட் லாக்டேட்டாகத் திரும்பும். அந்த லாக்டேட்டை அவசரப் பிரிவிலிருந்து நள்ளிரவில் கேட்பார்கள். அதற்கும் பெரும்பாலும் சாம்பல் மூடிதான். குளுக்கோஸில் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதித்த அதே ஃப்ளூரைடு, லாக்டேட்டில் சீக்கிரமே பலன் தரும். ஈனோலேஸ் ஒன்பதாவது படி. குளுக்கோஸ் அந்தக் கதவுக்கு வெகு முன்னால் நிற்கிறது, லாக்டேட் கதவுக்கு அப்பால் பிறக்கிறது.